மலைநாட்டில் முதல் கார்: பழைய செடான் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் முதல் கார் வாங்கப் போகும்போது என்னிடம் வந்து கேட்பார்கள். நான் கராஜ் வைத்திருப்பவன் இல்லை, பள்ளிக்கூட ஆசிரியர். பதினைந்து வருடமாக இந்த ரோடுகளில் பழைய செடான்தான் ஓட்டுகிறேன். உறவுக்காரருக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் துணையாகப் போய் இருபது கார்களாவது பார்த்திருப்பேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நம் வீடுகளில் கார் வாங்கும் காசு லேசாகச் சேருவதில்லை. அப்பாவின் ஈ.பி.எஃப்., அம்மா குவைத்தில் இருந்து அனுப்பியது, சீட்டுப் பணம், அடகுக்குப் போன நகை எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தொகை வருகிறது. அது ஒரு பிழையான காரில் போய் முடங்கக் கூடாது.

முதலில் மொடலைச் சொல்லுங்கள் சேர். எதை வாங்கலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். சொல்கிறேன். ஆனால் ஒரே மொடலில் பத்துக் கார் பார்த்தால் பத்தும் பத்து விதமாக இருக்கும். யார் கையில் ஓடியது, எப்படிப் பராமரித்தார்கள் என்பது மொடலைவிடப் பெரிய விஷயம். நன்றாகப் பார்த்துக்கொண்ட 2003 கார், கவனிக்காமல் விட்ட 2010 காரைவிட உங்களுக்கு நிம்மதி தரும்.

சரி, மொடல். நம் ஊரில் 110, 121, 141 என்று நம்பரால் சொல்வதெல்லாம் டொயோட்டா கொரோலாவின் செசி இலக்கத்தில் வரும் எண்கள். 110 என்பது தொண்ணூறுகளின் பிற்பகுதிக் கார். 121 என்பது 2000க்குப் பிறகு வந்தது. 141 அதற்கும் அடுத்தது, ஜப்பானில் அக்சியோ என்ற பெயரில் 2006இல் வந்ததும் அந்தத் தலைமுறைதான். 121, அக்சியோ 141, டொயோட்டாவின் இன்னொரு செடானான அலியன் 240, அலியன் 260 எல்லாவற்றிலும் 1500 சி.சி. பெட்ரோல் என்றால் 1என்.இசட். என்ற ஒரே குடும்பத்து எஞ்சின்தான். காலாகாலத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின். எந்த ஊர் மெக்கானிக்கும் அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டியிருப்பார். பாகம் கண்டியில் கிடைக்கும், இல்லாவிட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கட்டாயம் கிடைக்கும். முதல் கார் வாங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான்.

காசு குறைவு என்றால் நிசான் சனி எஃப்.பி.15 பாருங்கள். டொயோட்டாவைவிட விலை இறங்கியிருக்கும், ஓட்டத்துக்குக் குறை சொல்ல முடியாது. எஞ்சின் ஒயில் குடிக்கிறதா, சென்சர் கோளாறில் எஞ்சின் திடீரென்று நின்று போகிறதா என்று மட்டும் விசாரியுங்கள். 110 வாங்குவதென்றால் அதில் டைமிங் பெல்ட் இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

இருபது வருடப் பழைய காருக்கு ஏன் இவ்வளவு விலை?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. இப்போது புதிதாக வருவதற்கும் வரி அதிகம் என்பதால் பழையவற்றின் விலை நாம் நினைத்த அளவுக்கு விழவில்லை. அதனால் "மலிவாகக் கிடைத்தது" என்று யாராவது ஒரு காரைக் காட்டினால், ஏன் மலிவு என்ற காரணம் தெரியும்வரை கையை நீட்டாதீர்கள்.

1000 சி.சி. செடான் போதுமா? எண்ணெய்ச் செலவு குறையுமே.

கண்டி டவுனுக்குள் ஆபீசுக்குப் போய் வர போதும். நுவரெலியாப் பக்கம் குடும்பத்தோடு ஏறி இறங்கவென்றால் எனக்கு மனம் ஒப்பாது.

காரணம் காற்று. நுவரெலியா டவுன் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் தன் பலத்தில் ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். 1000 சி.சி. பெரோடுவா பெஸா மாதிரிக் காரில் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக இறம்பொடையில் ஏறும்போது அந்தக் குறை காலில் தெரியும். எஞ்சின் கத்திக்கொண்டே ஏறும், நீங்கள் நினைத்த எண்ணெய் மிச்சமும் கிடைக்காது. தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. குடும்பக் கார் என்றால் 1300, முடிந்தால் 1500.

ஓட்டோ கியரா, மெனுவல் கியரா?

இரண்டும் சரி. உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் ஓட்டோவுக்கு மட்டும் என்றிருந்தால் பேச்சே இல்லை.

மெனுவல் காரில் இறக்கத்தில் இரண்டாம் கியரைப் போட்டு எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்கலாம். ஆனால் மலைநாட்டில் ஓடிய மெனுவல் காரின் கிளச் பிளேட் சீக்கிரம் தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஓட்டோவில் இரண்டு வகை உங்களுக்குக் கிடைக்கும். 121 போன்ற பழைய கார்களிலும் அலியன் 240இன் 1500இலும் இருப்பது சாதாரண நான்கு கியர் ஓட்டோ. அடி தாங்கும். அக்சியோ, அலியன் 260இன் 1500இல் இருப்பது சி.வி.டி., அதாவது கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ. அது கெட்டது இல்லை, ஒயில் விஷயத்தில் கண்டிப்பானது. சி.வி.டி.க்கு என்றே உள்ள ஒயில்தான் போட வேண்டும். யாராவது சாதாரண கியர் ஒயிலை ஊற்றியிருந்தால் கியர் பொக்ஸ் மெல்ல மெல்லச் சாகும். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது உறுமல் சத்தமோ, நின்று கிளம்பும்போது ஒரு நடுக்கமோ வந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கியர் பொக்ஸ் மாற்றும் செலவு உங்கள் வருடச் சேமிப்பை ஒரே நாளில் தின்றுவிடும்.

எந்த ஓட்டோ ஆனாலும் இறக்கத்தில் 'டி'யில் விட்டு பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு வராதீர்கள். லீவரில் எல், 2, எஸ், பி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைப் போட்டுப் பழகுங்கள்.

ஹைபிரிட் மலைக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், ஒரு வகையில் நல்லதும்கூட. இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது, பிரேக் தேய்மானம் குறைகிறது. நம் குளிரும் பேட்டரிக்கு நல்லது. நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிறைந்துவிட்டால் அதற்கு மேல் அந்தப் பிடி குறையும், அப்போது 'பி' நிலையில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இதைத் தெரியாமல் பயந்து பிரேக்கை மிதித்துச் சூடாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முதல் காருக்கு, கையில் மிச்சக் காசு இல்லாதவருக்கு, நான் சொல்ல மாட்டேன். வயதான பேட்டரி எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் பேட்டரியை ஸ்கேன் போட்டுப் பார்க்கத் தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள், பின் சீட்டோரம் இருக்கும் காற்று வழியின் ஃபில்டர் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஹொண்டா கிரேஸ் மாதிரி இரட்டைக் கிளச் கியர் பொக்ஸ் உள்ள ஹைபிரிட் கார்கள், ஏற்றத்தில் வாகன நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகிவிடும். சீசன் காலத்தில் நுவரெலியா ரோட்டை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

டீசல்?

மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவர் யோசிக்கலாம். மற்றவர்களுக்குப் பெட்ரோல் போதும். சனவரி மாதக் குளிரில், விடியற்காலை, பழைய டீசலை ஸ்டார்ட் பண்ணுகிறவரிடம் ஒரு தடவை பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கொழும்பில் ஓடிய கார் நல்லதா, நம் பக்கத்திலேயே ஓடியது நல்லதா?

கொழும்பு என்றால் எஞ்சின் நெரிசலில் நின்று நின்று ஓடியிருக்கும். கடலோரத்தில் நிறுத்தி வைத்த கார் என்றால் அடிப்பக்கத் தகட்டைக் கட்டாயம் பாருங்கள், உப்புக் காற்று அடியில்தான் வேலையைக் காட்டும். நம் பக்கத்துக் காரில் பிரேக், கிளச், எஞ்சின் மவுன்ட், ஸ்டியரிங் ரெக் தேய்ந்திருக்கும். ஈரத்தில் சக்கர வளைவின் உள்பக்கம் துரு பிடித்திருக்கும்.

ஏ.சி.யைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். "நுவரெலியாவில் எதுக்குங்க ஏ.சி.?" என்று விற்பவர் சிரிப்பார். வருடக்கணக்கில் போடாமல் விட்டதால் கம்ப்ரசரின் சீல் காய்ந்து கேஸ் எல்லாம் போயிருக்கும், சொந்தக்காரருக்கே தெரிந்திருக்காது. நமக்கு அது குளிருக்காக வேண்டியதில்லை, கண்ணாடிக்காக வேண்டும். மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது உள்ளே நான்கு பேர் மூச்சு விட்டால் இரண்டு நிமிடத்தில் முன் கண்ணாடி வெள்ளையாகிவிடும். துணியால் துடைத்துக்கொண்டு வளைவில் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். உயிர் காக்கும் சாமான் அது.

வெள்ளத்தில் நின்ற காரை எப்படிக் கண்டுபிடிப்பது?

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. மலையில் மண் சரிந்தது, கீழே ஆறுகள் பெருகி வீடும் கடையும் வாகனமும் தண்ணீரில் நின்றன. அந்த வாகனங்கள் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வரும். தண்ணீரில் நின்ற காரின் வயர்களும் இணைப்புகளும் உடனே சாகாது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒன்றொன்றாகப் போகும்.

சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். சீட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் அடி நுனியை மறந்துவிடுவார்கள், சேற்றுக்கோடு அங்கே நிற்கும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்பெயார் சக்கரம் இருக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா, முன் லைட்டின் உள்ளே நீராவி படிகிறதா என்று பாருங்கள். கால் விரிப்பைத் தூக்கி அடியில் கையை வைத்து முகர்ந்து பாருங்கள். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைக்கும் கார் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

காலையில் போங்கள், மழை இல்லாத நேரம், வெளிச்சத்தில். கிளம்பும் முன்பே போன் பண்ணி "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லுங்கள். போனதும் பொனட்டைத் திறந்து எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஏற்கனவே சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011இல் என் முதல் காரை ஒரு விற்பனை நிலையத்தில், மழை விட்ட ஒரு மாலையில் வாங்கினேன். கழுவி மெழுகு போட்டு நிறுத்தியிருந்தார்கள். எஞ்சின் சூடாகவே இருந்தது. இரண்டாவது வாரம் அம்மாவை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனபோது நானுஓயா ஏற்றத்தில் தண்ணீர் கொதித்துப் புகை வந்தது. அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் ரோட்டோரம் நின்றேன். எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கெட் எரிந்து, ஒரு தடவை ஒப்பேற்றி வைத்து விற்றிருக்கிறார்கள். விற்றவர் பிறகு போன் எடுக்கவேயில்லை. ஹெட்டை இறக்கி ஏற்ற, தங்கச்சியின் சங்கிலி அடகுக்குப் போனது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை மீட்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

அதனால் தண்ணீர் விஷயத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலன்ட் தெளிவான நிறத்தில் இருக்க வேண்டும். துருக் கலந்த பழுப்புத் தண்ணீர் என்றால் வெறும் பைப் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஒயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெள்ளை படிந்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம்தான். ஆனால் நம் குளிரில், பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடுகிற நல்ல காரிலும் கொஞ்சம் படியும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் கவனிப்பதில்லை. நுவரெலியாவில் கேத்தலில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது அந்த மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தால். மூடியின் ரப்பர் போயிருந்தால் உயரம் கூடக் கூடச் சீக்கிரம் கொதிக்கும். புதிய மூடி விலையில் மிகச் சின்னச் சாமான். எந்தப் பழைய கார் வாங்கினாலும் அதை முதல் நாளே மாற்றுங்கள்.

பெயின்டில் நிற வித்தியாசம், கதவுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் ஒடுக்கமாகவும் இருப்பது, இவை டிங்கரிங் செய்த அடையாளம். சின்ன உராய்வு எல்லாக் காரிலும் இருக்கும். செசி வளைந்து நிமிர்த்தியதா என்பதுதான் கவலைப்பட வேண்டியது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் வரிப்பள்ளம், நன்றாக இருந்தாலும் எட்டு வருடப் பழைய டயர் ஈர ரோட்டில் பிடிக்காது, நம் ரோடு பாதி நாள் ஈரம்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது?

மேட்டில் ஏறினால் போதும் என்று நினைக்கிறோம். அரைகுறை எஞ்சினும் ஏறிவிடும். இறக்கத்தில்தான் கார் எப்படிப்பட்டது என்று தெரிய வரும். கொஞ்ச தூரம் ஏறி, அதற்குப் பிறகு வளைவுகளோடு ஐந்தாறு கிலோமீட்டர் இறங்கிப் பாருங்கள். ஹட்டன் பக்கம் இருப்பவர் வட்டவளைப் பக்கமாக இறங்கலாம், நுவரெலியாவில் இருப்பவர் இறம்பொடைப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளைக்காரருக்கு பெரகலை இறக்கம் இருக்கிறது. விற்பவர் "டவுனைச் சுற்றி வந்தால் போதாதா?" என்றால், போதாது.

இறங்கும்போது பிரேக் பெடல் முதலில் இருந்த உயரத்திலேயே நிற்கிறதா, போகப் போகப் பஞ்சு மாதிரி உள்ளே போகிறதா என்று கவனியுங்கள். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. பழைய ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கும், சூடேறினால் அது கொதித்து ஆவியாகி, பெடலை மிதித்தாலும் பிடிக்காது. சமதரை ரோட்டில் இந்தக் குறை தலைகாட்டாது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கெலிப்பர் இறுகியிருக்கலாம். கீழே வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் அந்தச் சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

திரும்பி ஏறி வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டாம். பத்து நிமிடம் அப்படியே ஓடட்டும். ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நிற்கிறதா, வெப்ப முள் நடுவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக்கையும் மேட்டிலேயே நிறுத்திப் பாருங்கள்.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

கட்டாயம். உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், விற்பவர் காட்டுகிற ஆளாக இருக்கக் கூடாது. ஒரு நாள் கூலியும் சாப்பாடும் கொடுங்கள். கார் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அந்தக் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள், அன்றைக்கு அவர் உங்களுக்குப் பல இலட்சம் மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறார். புரோக்கர் கூட வந்தால் அவருக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

மீட்டரில் 80,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. நம்பலாமா?

இருபது வருடக் காரில் மீட்டர் எண்ணைக் கணக்கில் எடுக்காமலே விடுங்கள். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், டிரைவர் சீட்டின் வெளிக் கரை மூன்றும் தேய்ந்து வழுக்கையாகி மீட்டர் மட்டும் 80,000 என்று சொன்னால் யாரோ திருப்பியிருக்கிறார்கள். பொனட்டுக்கு உள்ளேயும் கதவோரத்திலும் ஒட்டிய பழைய சேர்விஸ் ஸ்டிக்கர்கள் கிழிக்காமல் இருந்தால் அவற்றை வாசியுங்கள்.

பத்திரங்களில் எதை எதைப் பார்க்க வேண்டும்?

பதிவுச் சான்றிதழ், அதாவது சி.ஆர். இன்றும் பலர் புத்தகம் என்றுதான் சொல்வார்கள். மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள், போட்டோகொப்பி போதாது. அதில் உள்ள செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் காரில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சி.ஆரில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பெனியின் பெயர் இருந்தால் அந்தக் காருக்கு இன்னும் கடன் இருக்கிறது. கடன் தீர்த்து, அந்தக் கம்பெனி விடுவித்த கடிதம் வரும்வரை முழுப் பணமும் கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விவரத்தைச் சரிபார்க்கவும் முடியும். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் நடப்பில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். புகைப் பரிசோதனையில் சித்தியடையாத காருக்கு அடுத்த வருட லைசென்ஸ் எடுக்க முடியாது.

இனி 'ஓபன் பேப்பர்' விஷயம். விற்பவர் பெயர் மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6 படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார், வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருப்பார், அடுத்தவருக்கும் அப்படியே விற்பார். நம் பக்கம் இது சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கையெழுத்துப் போட்டவர் நாளை இறந்துபோனாலோ, வெளிநாடு போனாலோ, கையெழுத்து என்னுடையது இல்லை என்றாலோ உங்கள் கையில் இருப்பது வெறும் இரும்பு. எம்.டி.ஏ. 6 விற்பவருக்கு, எம்.டி.ஏ. 8 வாங்குபவருக்கு. இரண்டையும் நிரப்பி, கைமாறிய 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வரி அடையாள இலக்கத்தையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனை ஒப்பந்தம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வரிவரியாக வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். "நேரமாகுது, போடுங்க" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். கார் கைமாறிய திகதியோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அன்று காலை அவர் வாங்கிய தண்டப் பத்திரம் மாலையில் உங்கள் தலையில் விழக் கூடாது. பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள். அட்வான்ஸ் ஐயாயிரம் என்றாலும் ரசீது வாங்குங்கள்.

லீசிங் போட்டு வாங்கலாமா?

வேறு வழி இல்லையென்றால் போடலாம். மாதத் தவணையைக் கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். கடைசித் தவணை வரை நான் கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டு, அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். வட்டி ஆரம்பத் தொகை முழுவதுக்கும் போடுகிறார்களா, கட்டக் கட்டக் குறைகிற மிச்சத்துக்குப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். ஒரே வீதம் மாதிரித் தெரிந்தாலும் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும். வீட்டில் ஒருவர் சம்பளம் நின்றாலும் மூன்று மாதம் கட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியாதென்றால் இன்னும் கொஞ்சம் பழைய, விலை குறைந்த காரைக் கைக்காசில் வாங்குங்கள்.

நான் ஒரு பெண், வீட்டில் ஆண் துணை இல்லை. போய்ப் பார்த்து வாங்க முடியுமா?

தாராளமாக முடியும் தங்கச்சி. எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் தன் அலியனைத் தானே பார்த்து வாங்கினார். கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனார், ஒவ்வொன்றுக்கும் விற்பவர் சொன்ன பதிலை அவர் முன்னாலேயே எழுதினார். எழுதுவதைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடுகிறது. மெக்கானிக்கையும் ஒரு தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பகலில், நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள்.

எங்கள் தோட்டத்து லயத்துக்குப் போகும் ரோடு குண்டும் குழியும். செடான் போகுமா?

ஜப்பான் செடான் பெரும்பாலும் தரையில் இருந்து ஆறு அங்குல உயரத்தில்தான் நிற்கும். ஆள் ஏறினால் அதுவும் குறையும். காரை வாங்கும் முன் அதே மொடல் வைத்திருக்கும் யாரையாவது ஒரு நாள் உங்கள் தோட்டத்து ரோட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். அடி தட்டும் இடம் இரண்டு மூன்று என்றால் மெதுவாகச் சமாளிக்கலாம். வழி முழுக்கத் தட்டினால் தோட்டத்து வாசலில் பாதுகாப்பாக நிறுத்த இடம் தேடுங்கள், அல்லது செடானை விட்டு உயரமான வாகனம் பாருங்கள். ஸ்பிரிங்குக்குக் கட்டை வைத்து உயர்த்துவதை நான் ஆதரிக்க மாட்டேன், வளைவில் கார் நிதானம் இழக்கும்.

தேர்ட் பார்ட்டி காப்புறுதி போதாதா?

சட்டத்துக்குப் போதும். அதில் உங்கள் காருக்கு ஒன்றும் கிடைக்காது. கம்பெனி தருமென்றால் ஃபுல் இன்சூரன்ஸ் எடுங்கள், எடுக்கும்போது மண்சரிவு, வெள்ளம், மரம் விழுதல் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நம் பக்கத்தில் காருக்கு வரும் ஆபத்தில் பாதி மலையில் இருந்துதான் வருகிறது.

வாங்கிவிட்டேன். முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?

கார் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைத்திருந்தீர்கள் என்றால் இப்போது அது கைகொடுக்கும். எஞ்சின் ஒயில், ஃபில்டர், பிரேக் ஒயில், கூலன்ட், கியர் ஒயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையவர் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள், அன்றிலிருந்து கணக்கு உங்களுடையது. பிரேக் லைனரைக் கழற்றிப் பாருங்கள், வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், பேட்டரியைச் சோதியுங்கள். பனி விளக்கு எரியாவிட்டால் சரி பண்ணுங்கள்.

புதிதாக ஓட்டுகிறவர் என்றால் முதல் ஒரு மாதம் இரவிலும் மூடுபனியிலும் தனியாக இறங்க வேண்டாம். பழகிய ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே இறக்கத்தைப் பத்துத் தடவை இறங்குங்கள். எந்த வளைவுக்கு முன் எந்தக் கியர் என்று கை தானாகப் பழகட்டும். எங்கள் வீட்டில் கார் வாங்கினால் முதல் தூரப் பயணம் சீதாஎலிய அம்மன் கோயிலுக்கு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்புவதற்கு முன் கூலன்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போகும்போது அம்மாவை முன் சீட்டில் உட்காரவையுங்கள்.